விரலுக்குப் பொய் சொல்லாத ஸ்பிரிங்

கணினியில் ஒரு விசையை அழுத்தும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. விரலுக்கு ஒரு தடை தட்டுப்பட்டு விலகுகிறது. காதுக்குச் சத்தம் கேட்கிறது. எழுத்து பதிவாகிறது. இந்த மூன்றும் ஒரே காரணத்தால் ஒரே கணத்தில் நடக்கும் ஒரு ஸ்விட்சை ஐபிஎம் 1970-களிலேயே உருவாக்கிவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான ஸ்விட்சுகளில் அநேகமாக எதிலும் அவை ஒன்றாக நடப்பதில்லை. நாற்பது வருடப் பழைய கீபோர்டுகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களின் ஈர்ப்பில் பாதி பழமை மோகம் என்றே வைத்துக்கொள்வோம். மறுபாதிக்கு இந்த நியாயம் இருக்கிறது.

அந்த ஸ்விட்சின் பெயர் ‘பக்ளிங் ஸ்பிரிங்’. மடங்கும் சுருள்வில். ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹாரிஸ் வடிவமைத்தது. காப்புரிமை 1978-இல் கிடைத்தது. விசைக்கு அடியில் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் அடியில் ஊசலாடக்கூடிய ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தி. விசையை அழுத்த அழுத்த ஸ்பிரிங் சுருங்கி எதிர்ப்பு ஏறுகிறது. ஓர் எல்லைக்கு மேல் அந்த ஸ்பிரிங்கால் நேராக நிற்க முடியாது. சட்டென்று இடுப்பு ஒடிந்ததுபோல ஒரு பக்கம் மடங்கிவிடும். நெடுந்தூண் ஒன்றின் மேல் சுமை ஏறினால் அது எப்போது வளையும் என்று 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் போட்ட கணக்குதான் இது. மடங்கிய ஸ்பிரிங் குழாயின் சுவரில் அடிக்கிறது: அதுதான் சத்தம். எதிர்ப்பு திடீரென்று விழுகிறது: அதுதான் விரல் உணரும் விலகல். அதே அசைவு அடியில் இருக்கும் சுத்தியைச் சாய்க்கிறது: எழுத்து பதிவாகிறது. எழுத்து பதிவாகாமல் கிளிக் மட்டும் கேட்பதற்கோ, கிளிக் இல்லாமல் எழுத்து பதிவாவதற்கோ இதில் வழியில்லை. திரையைப் பார்க்காமலே விரலுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

இதை ஏதோ செலவைப் பாராமல் செய்த கைவினை என்று பலர் நம்புகிறார்கள். நடந்தது வேறு. 1961-இல் வந்த ஐபிஎம் செலக்ட்ரிக் மின் தட்டச்சில் பழகிய விரல்களுக்குக் கணினி முனையத்திலும் அதே திருப்தி வேண்டியிருந்தது. அதற்காக 1970-களின் முனையங்களில் ‘பீம் ஸ்பிரிங்’ என்றொரு ஸ்விட்சை வைத்தார்கள். ஒரு வளைந்த உலோகப் பட்டை பட்டென்று கவிழ்ந்து எழும் அமைப்பு அது. தொட்டுப் பார்த்தவர்கள் அதைவிட உயர்ந்த ஒன்றைச் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உயரம் அதிகம், உதிரிகள் அதிகம், தூசுக்கும் பயப்படும். அதற்கு மலிவான மாற்றாக வந்ததுதான் பக்ளிங் ஸ்பிரிங். 1981 ஆகஸ்டில் 1,565 டாலர் அடிப்படை விலையில் ஐபிஎம் பிசி வந்தபோது அதனுடன் வந்த 83 விசை ‘மாடல் எஃப்’ கீபோர்டில் இந்த ஸ்விட்ச் இருந்தது. சுத்தி ஒரு மின்சுற்றுப் பலகைமேல் சாயும்போது மின்தேக்கத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கும். 1985-இல் அதையும் மலிவாக்கி, சுற்றுப் பலகைக்குப் பதில் பிளாஸ்டிக் தாள்களால் ஆன மெம்பிரேனை வைத்தார்கள். அதுதான் பலரும் போற்றும் ‘மாடல் எம்’. ஆக, நாம் சிகரம் என்று கொண்டாடுவது இரண்டு முறை செலவு குறைக்கப்பட்ட பொருள். ஆனால் இரண்டாம் முறை பொறியாளர்கள் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கணினி விலை சரிந்து, ரப்பர் குமிழ் கீபோர்டுகள் வந்தபோதுதான் அந்த விவேகம் போயிற்று.

ஒரு மாடல் எம்-ஐத் திறந்து பார்த்தால் இது புரியும். திருப்பிப் போட்டதும் பாக எண்ணும் தயாரித்த தேதியும் அச்சிட்ட லேபிள் தெரியும். 1391401 என்பது அதிகம் கிடைக்கும் எண். நான்கு அறுகோணத் தலை ஸ்குரூக்கள் ஆழமான குழிகளுக்குள் இருக்கும். சுவர் மெல்லிய 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் இல்லாமல் எட்டாது. உள்ளே, விசைகளின் வளைவுக்கு ஏற்ப வளைத்த எஃகுத் தகடு. மொத்த எடை இரண்டு கிலோவைத் தாண்டுவது இதனால்தான். வேகமாகத் தட்டினாலும் பலகை மேசையில் நகராது. எஃகுத் தகட்டையும் மேலே இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் பிணைப்பவை கறுப்புப் பிளாஸ்டிக் ரிவெட்டுகள். இதன் ஒரே பலவீனம் அங்கேதான் இருக்கிறது. வயதானால் ரிவெட்டுத் தலைகள் ஒவ்வொன்றாக உடைந்து பெட்டிக்குள் உருளும். தகடு தளர்ந்து, அந்தப் பகுதி விசைகளின் கிளிக் மந்தமாகும். மீதி ரிவெட்டுகளைச் செதுக்கிவிட்டு, துளையிட்டு, பொடி போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். பொறுமையான வேலை, ஒரு முழு நாள் பிடிக்கும். விசை மூடிகள் பிபிடி பிளாஸ்டிக். எழுத்துகள் சாயமாக உள்ளே ஊறியவை என்பதால் தேய்ந்து அழியாது, பரப்பும் பளபளத்துப் போகாது.

இனி இன்றைய ஸ்விட்சுக்கு வருவோம். இப்போது மெக்கானிக்கல் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்சின் வாரிசுகள். எம்எக்ஸ் காப்புரிமை காலாவதியானதும் கைல், கேட்டரான் போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்யத் தொடங்கின. எம்எக்ஸில் மின்தொடர்பு ஒரு சிறிய உலோக இதழ். நடுவில் ஏறி இறங்கும் தண்டு அதை விடுவிக்கும்போது தொடர்பு மூடும். எம்எக்ஸ் வகைகளை நிறத்தால் அழைப்பார்கள். பிரௌன் ஸ்விட்சில் தண்டின் பக்கவாட்டில் ஒரு சிறு மேடு இருக்கிறது. விரல் உணர்வது அந்த மேட்டை. அதைத் தாண்டிய பிறகுதான் தொடர்பு மூடுகிறது. புளூ ஸ்விட்சில் சத்தம் போடுவதற்கென்றே தனியாக ஒரு வெள்ளைத் துண்டு. அது தாவும் இடமும் தொடர்பு மூடும் இடமும் அருகருகே இருக்குமாறு அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது அந்த நெருக்கமும் இல்லை. எழுத்து விடுபடும் இடம் விரலுக்குத் தெரிவதில்லை. புளூவில் ஒரே விசையை வேகமாக இரண்டு முறை தட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இந்தச் சத்தத்தை நான் குறை சொல்லவில்லை, அதன் ஆதாரத்தைச் சொல்கிறேன். பக்ளிங் ஸ்பிரிங்கின் சத்தம் நடந்த காரியத்தின் சத்தம். இது அந்தக் காரியத்துக்குப் பக்கத்தில் வைத்த மணி.

அதற்காகப் பழையது எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்க முடியாது. மேடும் கிளிக்கும் இல்லாத ‘லீனியர்’ வகையான பழைய செர்ரி பிளாக் ஸ்விட்சுகளைக் கழற்றி, கழுவி, கிரீஸ் போட்டு, பெரிய விலைக்கு விற்கும் ஒரு சந்தையே இருக்கிறது. பழைய வார்ப்புகளில் வந்தவை வழுவழுப்பானவை என்பது வாதம். உண்மைதான், இன்றைய ஸ்விட்சுகளை எடுத்துப் பார்க்கும்வரை. தொழிற்சாலையிலேயே கிரீஸ் தடவி வரும் இன்றைய நல்ல லீனியர் ஸ்விட்ச் அதைவிட வழுவழுப்பாக, ஒன்றுபோல இருக்கிறது, விலையும் மிகக் குறைவு. 1980-களின் ஜப்பானிய ஆல்ப்ஸ் ஸ்விட்சுகள் வேறு ரகம். 1987-இல் வந்த ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டில் இருந்தவை அவைதாம். தொட்டவுடனேயே, விசைப்பயணத்தின் உச்சியிலேயே, தடை எழுந்து விலகும் அழகை எம்எக்ஸ் ஒருபோதும் தந்ததில்லை. ஆனால் அவற்றுக்குத் தூசு ஆகாது. ஒருமுறை பொடி உள்ளே போய்த் தண்டு உரசத் தொடங்கினால், கழுவினாலும் பழைய நிலை முழுதாகத் திரும்புவதில்லை. படங்களைப் பார்த்து ஆல்ப்ஸ் வாங்காதீர்கள்.

தொடர்பு தேய்ந்த பழைய ஸ்விட்சுகளில் இன்னொரு தொல்லை உண்டு. தமிழில் தட்டுகிறவர்களுக்கு அது கூடுதலாக உறைக்கும். உலோக இதழ் துள்ளி, ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகிவிடும். ஆங்கிலத்தில் அது கண்ணில் படும் எழுத்துப்பிழை. தமிழ்99 முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதன் தலையில் தானாகப் புள்ளி விழும். ‘படு’ என்று அடிக்கப் போய் ட-கரம் இரட்டித்தால் ‘பட்டு’ வந்து நிற்கும். இரண்டும் நல்ல சொற்கள்; எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. ஒவ்வொரு தட்டும் பதிந்ததா, ஒருமுறைதான் பதிந்ததா என்ற நிச்சயம் நமக்கு அதிகமாகவே வேண்டும்.

அந்த நிச்சயத்தைத் தரும் இன்னொரு பழைய தொழில்நுட்பம் இப்போது புதுப்பெயரில் வந்திருக்கிறது. காந்த ஸ்விட்ச், அதாவது ஹால் எஃபெக்ட். உலோகத் தொடர்பே கிடையாது. தண்டிலிருக்கும் காந்தம் எவ்வளவு நெருங்கியது என்று ஓர் உணரி அளக்கும். தேய்வதற்கு ஒன்றுமில்லை. கேமர்களுக்கான புதுமையாக விற்கப்படும் இதை அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 1960-களின் இறுதியிலேயே கீபோர்டுகளில் வைத்துவிட்டது. இன்றைய புதுமை மென்பொருளில் இருக்கிறது. எழுத்து எந்த ஆழத்தில் பதிய வேண்டும் என்பதை 0.1 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் நாமே வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் இதற்கு நிகரில்லை. எழுதுகிறவனுக்கோ இது தலைகீழ்ப் போக்கு. பதியும் இடம் மென்பொருளில் எங்கோ இருக்கிறது, விரலுக்கு அது பற்றி எந்தத் தகவலும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வழுக்கல். அதனால்தான் எல்லோரும் ஒவ்வொரு விசையையும் தரைவரை அடிக்கிறார்கள், மாலையில் விரல்நுனி நோகிறது.

துல்லியமான உணரி இன்று நம்மிடம் இருக்கிறது. உண்மை சொல்லும் ஸ்பிரிங் அன்றே இருந்தது, அதன் காப்புரிமை முடிந்தும் பல காலம் ஆயிற்று. சுத்தியில் ஒரு பொடிக் காந்தத்தைப் பொருத்தி மெம்பிரேனைத் தூக்கி எறிவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. தடை சந்தையில் இருக்கிறது. இன்றைய கீபோர்டுத் தொழில் முழுவதும் எம்எக்ஸ் உட்காரும் 14 மில்லிமீட்டர் சதுரத் துளையைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. தகடு, சுற்றுப் பலகை, மூடி எல்லாமே அதற்கேற்ற அளவு. பக்ளிங் ஸ்பிரிங்குக்கு உயரமும் வேண்டும், மூடியும் வேறு. ஸ்விட்சுக்கு நூறு நிறம் கண்டுபிடிப்பதைவிட இந்த ஒரு துளையை மறுபரிசீலனை செய்வது தொழிலுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை இரண்டு வழிகள். 1991-இல் ஐபிஎம்மிலிருந்து பிரிந்த லெக்ஸ்மார்க்கின் அச்சுகளை வாங்கி, 1996 முதல் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் மாடல் எம்-ஐ இன்னும் செய்கிறது. யூஎஸ்பி வயருடன் வரும். பழையதே வேண்டுமென்றால் பணம் கொடுக்கும் முன் பலகையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று உருண்டால் ரிவெட்டுகள் போயிருக்கின்றன, விலையைக் குறைத்துக் கேளுங்கள். எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எதிலாவது கிளிக் கேட்காவிட்டால் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் நேராக இருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். நெளிந்த ஸ்பிரிங்கை நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். யூனிகாம்ப்பிலேயே அதுவும் கிடைக்கிறது.

- கட்டுரையாளர் மின்னணுப் பொறியாளர். பழைய கீபோர்டுகளைப் பழுதுபார்த்து மீட்டெடுப்பவர்.