எல்லாரும் சேர்த்து வெச்சா என்னாகும்?

பாஸ், உள்ளங்கையில அடங்குற ஒரு அட்டைக்கு அதிகபட்சம் என்ன விலை கொடுப்பீங்க? 2022 ஆகஸ்ட்ல அமெரிக்க ஏலம் ஒண்ணுல, மிக்கி மேன்டில் படம் போட்ட பேஸ்பால் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போச்சு. அச்சடிச்சது டாப்ஸ் கம்பெனி, வருஷம் 1952.

'ஆஹா, பழசுன்னாலே காசுதான்!'னு பரணைக் கிளறக் கிளம்பிடாதீங்க. மேட்டரே இனிமேதான்.

அந்தக் காலத்துல இந்த கார்டு, பபிள்கம் கூட வர்ற இலவச இணைப்பு மாதிரி. பசங்க சைக்கிள் சக்கரத்துல சொருகி 'டர்ர்ர்'னு ஓட்டுவாங்க. பையன் வளர்ந்ததும் அம்மா குப்பையில கொட்டிடுவாங்க. விக்காம கிடந்த 1952 கார்டுகளை 1960-ல அட்லாண்டிக் கடல்லயே கொட்டினதா, அதை வடிவமைச்ச சை பெர்கரே சொல்லியிருக்கார். இப்படி அழிஞ்சது போக மிஞ்சினதாலதான் அந்த விலை!

இந்த விலைக் கதையெல்லாம் எண்பதுகள்ல பேப்பர்ல வர ஆரம்பிச்சதும் அமெரிக்காவே உஷாராயிடுச்சு. 1981-ல ஃப்ளீர், டான்ரஸ், 1988-ல ஸ்கோர், 1989-ல அப்பர் டெக்னு வரிசையா கம்பெனிகள் களத்துல குதிச்சு, ராப்பகலா அச்சடிச்சுத் தள்ளினாங்க. 'பிள்ளையோட காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்'னு நம்பி, பிரிக்காத பெட்டியாவே வாங்கி அடுக்கின அப்பாக்கள் ஏராளம். யாரும் சைக்கிள்ல சொருகலை, எந்த அம்மாவும் தூக்கிப் போடலை. எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்ள பத்திரம்.

விளைவு? 1994-ல வீரர்கள் ஸ்டிரைக் பண்ணி, அந்த வருஷ வேர்ல்டு சீரிஸே ரத்தாச்சு. ரசிகர்கள் கடுப்பானாங்க, ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த கார்டு சந்தை இன்னும் படுத்துச்சு. பிள்ளை காலேஜுக்குக் கிளம்பினப்போ, பெட்டியை வாங்க ஆளில்லை. இன்னிக்கும் அந்தக் கால கார்டுகள்ல பெரும்பாலானது சில்லறைக் காசுதான். அந்தக் காலத்துக்கே 'ஜங்க் வாக்ஸ்', அதாவது 'மெழுகுத்தாள் குப்பை'ன்னு பேர் வெச்சுட்டாங்க!

விதிவிலக்கு இல்லாம இல்லை. 1989 அப்பர் டெக்கோட முதல் நம்பர் கார்டு, கென் கிரிஃபி ஜூனியர். மூலை மழுங்காம, படம் நடுவுல கச்சிதமா இருந்து, தரம் பார்க்கிற கம்பெனி 10-க்கு 10 போட்டா ஆயிரம் டாலரைத் தாண்டும். 1990 டாப்ஸ்ல ஃபிராங்க் தாமஸ் பேரே அச்சாகாம தவறி வந்த கார்டுக்கும் செம கிராக்கி. காரணம் அதேதான்... அது ரொம்பக் கொஞ்சம்!

ஸோ, 'லிமிடெட் எடிஷன், நாளைக்கு விலை எகிறும்'னு யாராவது எதையாவது நீட்டினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இதை இன்னும் எத்தனை பேர் பத்திரமா வெச்சிருக்காங்க?' பிடிச்சிருந்தா தாராளமா வாங்குங்க. செமஸ்டர் ஃபீஸை மட்டும் அதுல போட்டுடாதீங்க!