பத்து வயதில் அரைப்பேரா?

நமுனுகுல மலைச்சாரலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் ‘அரைப்பேர்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. குறித்த அளவு கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுதும் நின்ற ஒரு தாயின் உழைப்பு, தராசின் முன் பாதி நாளாகச் சுருங்கிவிடும். இந்த வேதனையை அறிந்த தாய்மாரே, இன்று தம் பத்து வயதுப் பிள்ளைகளை இன்னொரு தராசின் முன் அழைத்து வந்து நிறுத்துகின்றனர். அதுதான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை.

இப்பரீட்சையை நான் இகழவில்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கன்னங்கரா அவர்கள் வளர்த்தெடுத்த மத்திய கல்லூரிகளும் ஏழைப் பிள்ளையை மனத்திற் கொண்டே தோன்றின. புலமைப்பரிசிலும் அதே நோக்கத்தின் பிள்ளை. தோட்டத்துப் பிள்ளையொன்று வசதிகள் நிறைந்த பாடசாலைக்குச் செல்ல இன்றும் இது ஒரு வாசல். அவ்வாசலைத் தட்டும் பெற்றோரின் ஏக்கம் நியாயமானது.

ஆனால், மொத்தம் 200 புள்ளிகளுக்கான இப்பரீட்சைக்கு ஆண்டுதோறும் மூன்று இலட்சத்திற்கும் அதிகமான பிள்ளைகள் தோற்றுகின்றனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. எஞ்சிய ஐவர் என்ன கற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர்? 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில் சில வினாக்கள் முன்னதாகவே வெளியாகி, விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்றதையும், அவ்வாறு வெளியான மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்க முடிவானதையும் நாம் அறிவோம். பெரியவர்கள் செய்த தவறுக்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். இத்துணை பலவீனமான ஓர் அளவுகோலைக் கொண்டா நம் வீட்டுக் குழந்தையின் பெறுமதியை நாம் அளப்பது?

பிறரைக் குறைகூறுமுன் என் தவற்றை நான் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கொன்றில், பெறுபேறு வெளியான ஞாயிறன்று சித்தியெய்திய பிள்ளைகளைத் திருப்பலி முடிவில் பீடத்தின்முன் அழைத்துப் பரிசளித்தேன். சபை கைதட்டியது. என் அருகிலேயே பீடப்பணியாளனாக நின்ற சிறுவன் ஒருவன் மிகச் சில புள்ளிகளால் அவ்வாய்ப்பை இழந்திருந்தான். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவனுடைய லயன் வீட்டிற்குச் சென்றேன். “சாமி பக்கத்துல நிக்க அவனுக்கு வெக்கமா இருக்காம் சாமி” என்றார் தாய். அரசாங்கம் அவனுக்குப் புள்ளிதான் போட்டது. பீடத்தில் வைத்து அவனுக்கு அரைப்பேர் போட்டவன் நானே.

அன்று மாலை மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அதுவும் ஒரு தோட்டத்துக் கதையே. கடைசி மணிநேரத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கும் அந்தத் தோட்ட உரிமையாளர் முழுக்கூலி கொடுக்கிறார். உழைப்பு வேண்டாம் என்று ஆண்டவர் அதன் மூலம் போதிக்கவில்லை. தந்தையின் அன்பு தராசில் நிறுத்துத் தரப்படுவதன்று என்றே போதிக்கிறார். திருமுழுக்கன்று நம் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்த இறைவன், அன்றே அப்பிள்ளைக்கு முழுப்பேர் போட்டுவிட்டார். அதைப் பாதியாக்க எந்தப் பெறுபேற்றுப் பத்திரத்திற்கும் அதிகாரமில்லை.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால், உதவி நன்கொடை பெற்ற கத்தோலிக்கப் பாடசாலைகளுள் பெரும்பாலானவை அரசுடைமையாயின. எனவே இன்று நம் தோட்டத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுள் பெரும்பாலானோருக்குக் கத்தோலிக்கப் பாடசாலை என்பது, பாடசாலையின் சமயபாட வேளையும், ஞாயிறு மறைக்கல்வியும், சொந்த வீடுமே. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் எடுத்துரைத்தது. ஆனால் ஐந்தாம் தரம் வந்தவுடன் ஞாயிறு காலை தனியார் வகுப்பிற்குப் போய்விடுகிறது. “இந்த ஒரு வருசம் மட்டும் சாமி” என்கின்றனர் பெற்றோர். அந்த ஒரு வருடத்தில் பிள்ளை ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறது: முக்கியமான வேலை வந்தால் கடவுளை ஒத்திவைக்கலாம். எந்தப் பாடநூலிலும் இல்லாத இப்பாடம், பரீட்சை முடிந்த பின்னும் மறப்பதில்லை.

குருமடத்தில் இலத்தீன் பாடத்தில் தடுமாறி, பரீட்சையில் தவறியவர் புனித ஜோன் மரிய வியான்னி. அன்றைய வெட்டுப்புள்ளியோடு அவரது கதை முடிந்திருந்தால், ஆர்ஸ் என்னும் சிற்றூர் தன் பங்குக் குருவை இழந்திருக்கும். 1925இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரே இன்று பங்குக் குருக்களின் பாதுகாவலர்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பெற்றோரே, திருப்பலிக்கும் மறைக்கல்விக்கும் உரிய ஞாயிறு வேளையைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே, அவ்வேளை கழிந்தபின் வகுப்பைத் தொடங்குங்கள். பங்குச் சமூகங்களே, லயன் அறையில் மேசையின்றிப் படிக்கும் பிள்ளைக்கு மாலை வேளையில் பங்கு மண்டபத்தைத் திறந்து, ஒரு மேசையும் வெளிச்சமும் கொடுங்கள். பெறுபேறு வரும் நாளில், புள்ளியைக் கேட்குமுன் பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். அன்றைய இரவுச் சாப்பாடு, தாண்டிய பிள்ளைக்கும் தாண்டாத பிள்ளைக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இப்போதெல்லாம் பெறுபேற்று ஞாயிறன்று ஐந்தாம் தரப் பிள்ளைகள் அனைவரையும் பீடத்தின்முன் அழைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கிறேன். இதைக் கற்றுத்தந்தவன் அந்தச் சிறுவன். அவன் மீண்டும் பீடத்திற்கு வந்து மெழுகுதிரியைக் கையிலெடுக்க ஒரு தவக்காலம் முழுவதும் சென்றது. நம் பிள்ளைகளுள் எவரும் அத்துணை காலம் வெளியே நிற்கவேண்டாம்.