உங்கள் பாட்டனார் பெயர் என்ன?



2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று ஒரு படிவம் உங்கள் வாசலுக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியலில் உங்கள் பெயர் உண்டா? இல்லையென்றால் உங்கள் தாய் தந்தை, பாட்டன் பாட்டி பெயராவது எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில் இருந்தது? இதைத்தான் அந்தப் படிவம் கேட்டது.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பட்டாபிராமில் மேசை போட்டு உட்கார்ந்து, வருவோருக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு தம்பி வந்தார். பட்டதாரி. நல்ல வேலையில் இருக்கிறார். "பாட்டனார் பெயர் என்ன?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "எல்லாரும் ராவுத்தர்னுதான் கூப்பிடுவாங்க ஹஜ்ரத்" என்றார். ஊர்? "மதுரைப் பக்கம்" என்றார். மதுரைப் பக்கம் என்பது ஒரு முகவரியா?

அவர் தாயாருக்குப் போன் போட்டார். தாயார் தன் மாமியாருக்குப் போட்டார். எண்பது வயதைத் தாண்டிய அந்த மூதாட்டி, கணவரின் பெயர், அவருடைய அத்தாவின் பெயர், தெருப் பெயர், ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். வேலை முடிந்தது. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மூதாட்டி போன வருடமே மவுத்தாகியிருந்தால்?

வந்தேறிய ஊரில் வேர் எங்கே?

பட்டாபிராமும் ஆவடியும் அம்பத்தூரும் பிழைப்புத் தேடி வந்தவர்களால் நிறைந்த ஊர்கள். 1955-இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. தென் மாவட்டத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் நம்மவர்கள் ரயிலேறி வந்தார்கள். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது, உடுத்திய துணியோடு சென்னைக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கண்ணி அறுந்தது. வந்தவர் சொல்லவில்லை, பிள்ளைகள் கேட்கவில்லை.

2002-இல் ஆவடி என்ற சட்டமன்றத் தொகுதியே கிடையாது. 2008 மறுவரையறையில்தான் அது பிறந்தது. பழைய பட்டியலில் ஆவடியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தொகுதியின் வரலாறே தெரியாதவன் தன் குடும்பத்தின் வரலாற்றை எங்கே தேடுவான்?

வியாபாரச் சகோதரரே! கடையில் யார் எவ்வளவு பாக்கி என்று பேரேடு போட்டு வைத்திருக்கிறீர்கள். பத்து வருடக் கணக்கைக் கேட்டாலும் எடுத்துத் தருவீர்கள். உங்கள் வம்சத்துக்கு ஒரு பக்கமாவது எழுதி வைத்தீர்களா?

பெருமைக்கா, உறவுக்கா?

மறதி ஒரு நோய் என்றால், பெருமை இன்னொரு நோய். "நாங்கள் அரபிகளின் வழித்தோன்றல்" என்று மார்தட்டுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அரபு வணிகர்கள் இங்கே வந்தது உண்மைதான். திருச்சி கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள சிறிய கல் பள்ளிவாசலின் கல்வெட்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்கிறது. ஆனால் வந்தவர்கள் மணம் முடித்தது யாரை? இந்த மண்ணின் பெண்களைத்தானே! உம்மா தமிழச்சி என்பதில் என்ன இழிவு?

இம்மண்ணிலேயே இஸ்லாத்தை ஏற்றவர்களின் சந்ததிகளும் நாம்தான். 1981-இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் சாதிக் கொடுமையை உதறிவிட்டு வந்தார்களே, அவர்களின் பேரப்பிள்ளைகள் யாரிடம் தலைகுனிய வேண்டும்? சஹாபாக்களில் எத்தனை பேரின் தந்தையர் இஸ்லாத்தை ஏற்காமலேயே இறந்தார்கள்! பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி), அபிசீனிய வழிவந்த பிலால் (ரலி) ஆகியோரின் தகுதியை எந்த வம்சாவளி தந்தது?

கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்ளவே என்று குர்ஆன் கூறுகிறது. இரத்த உறவைப் பேணும் அளவுக்கு உங்கள் வம்சாவளியைக் கற்றுக் கொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதாக திர்மிதியில் வருகிறது. வம்சாவளியை அறிவது உறவைச் சேர்க்கத்தான். பிறரைத் தாழ்த்துவதற்கு அல்ல.

உரிமையும் இதில் இருக்கிறது

2007-இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. அது யாருக்கு? அன்சார், தக்னி, தூதேகுலா, ராவுத்தர் மரக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று பட்டியல் பேசுகிறது. சான்றிதழில் வெறும் 'இஸ்லாம்' என்று எழுதிவிட்டு, கல்லூரி சேரும் நேரத்தில் தாசில்தார் அலுவலக வாசலில் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அத்தாவின் பள்ளிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் வீட்டில் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோபித்துக் கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் சொல்லப்படும் வம்சாவளியில் ஆண்களின் பெயர்தான் வரும். அத்தாவின் உடன்பிறந்த சகோதரிகள் எத்தனை பேர் என்று கேட்டால் பேச்சு மாறும். ஏன்? பெயர் வெளியே வந்தால் பங்கும் வெளியே வருமே! 1937-இன் ஷரீஅத் சட்டத்தைக் காப்போம் என்று மேடையில் முழங்குகிறோம். அதே ஷரீஅத் சகோதரிக்குத் தந்த பங்கை வாரிசுப் பட்டியலில் மறைக்கிறோம். பெண்ணை விட்டுவிட்டு எழுதும் வம்சாவளி பொய்ச்சாட்சி அல்லவா?

இந்த வாரமே செய்யுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவரிடம் போய் உட்காருங்கள். நன்னா நன்னி, அவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர் அனைவரின் பெயரையும் ஊரையும், ஆண் பெண் பேதமின்றி எழுதுங்கள். மூலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். பிறகு பூர்வீக ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போய் நிக்காஹ் தப்தரைப் பாருங்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இருவரின் தந்தை பெயர், சாட்சிகள் என அத்தனையும் அதில் இருக்கும்.

பரணில் அரபு எழுத்தில் பழைய கடிதமோ கிதாபோ கிடந்தால், ஓத வேண்டியது என்று நினைத்துக் கிணற்றில் போட்டுவிடாதீர்கள். அது அரபுத் தமிழாக இருக்கலாம். எழுத்து அரபி, பேச்சு தமிழ். உங்கள் பாட்டி பாட்டனாருக்கு எழுதிய கடிதமாகக்கூட இருக்கும். படிக்கத் தெரிந்த ஆலிமிடம் எடுத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கரையான் அரித்துக் கொண்டிருக்கும் அந்தப் பழைய தப்தர்கள் குப்பை அல்ல, சமுதாயத்தின் சொத்து. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு ஒரு கைபேசியும் இரண்டு இளைஞர்களும் போதும்.

அந்தத் தம்பி இப்போது நோட்டு வாங்கிவிட்டார். ஊருக்குப் போய் நன்னியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். ஆறு தலைமுறை கிடைத்திருக்கிறதாம். இரண்டு தெரு தள்ளி ஆவடியில் வசிப்பவர் தன் சொந்தக்காரர் என்பதும் இப்போதுதான் தெரிந்ததாம். இத்தனை நாளும் கடையில் பார்த்து ஸலாம் மட்டும் சொல்லிப் போனவர்!

உங்கள் நன்னி இருக்கிறாரா? இன்றே போய்க் கேளுங்கள்.