கூந்தன்குளத்தில் எங்கே தங்குவது?

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் தூத்துக்குடி வருகிறது. பிள்ளைகளைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றேன். "குளத்தைப் பார்த்தாப்ல ரிசார்ட் இருக்கா?" என்று மைனி கேட்டார்கள். அப்படி ஒன்று அங்கே வரவே கூடாது என்பேன்.

நாங்குநேரிப் பக்கமுள்ள இந்தக் குளத்தை அரசு சரணாலயமாக அறிவித்தது 1994-இல். அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் காவல் இருந்தார்கள். சங்குவளை நாரை வீட்டோரத்து மரத்திலேயே கூடு கட்டும். கீழே தரையெல்லாம் வெள்ளை எச்சம், மீன் வாடை; யாரும் விரட்டுவதில்லை. எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு உரம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இந்த அமைதியை நம்பித்தான் இறங்குகிறது.

குளக்கரையில் கட்டடம், இரவு விளக்கு, பாட்டுச் சத்தம் எதற்கும் இடம் தரக்கூடாது. விருப்பமுள்ள ஊர் வீடுகள் ஓர் அறையை வாடகைக்கு விட அரசு உரிமம் கொடுக்கட்டும். கழிப்பறை கட்ட உதவட்டும். வாடகையும் சாப்பாட்டுக் காசும் காவல் காத்தவர்கள் கைக்கே போகும். அதுவரை திருநெல்வேலியில் தங்கி விடியுமுன் கிளம்புங்கள்.

புறப்படுமுன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு கால்வாயும் கைவிட்ட வருஷம் ஏமாற்றம்தான். பளிச்சிடாத உடுப்பு, பைனாகுலர், குடிதண்ணீர் போதும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.