ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

தலைநகரிலிருந்து வெளிவரும் வாரமலர்களின் வண்ணப் பக்கங்களில் அண்மைக் காலமாகப் புதியதொரு வாழ்க்கை நெறி போதிக்கப்பட்டு வருகிறது. வார இறுதியைப் படுக்கையிற் கழித்தல் நாகரிகம் அன்றாம். விடியற்காலையில் எழுந்து சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி ஓடவேண்டும். அன்றேல் துவிச்சக்கர வண்டியில் நகரை வலம் வரவேண்டும். வியர்வை உலருமுன் கடலை நோக்கிய உணவகமொன்றில் அமர்ந்து, காலையுணவும் மதியவுணவும் ஒன்றாய்க் கலந்த 'பிரஞ்ச்' என்னும் விருந்தை நண்பகல்வரை ஆறுதலாக உண்ணவேண்டும். அவ்வாறு வாழ்பவரே வாழத் தெரிந்தவர். அல்லாதார் சோம்பேறிகள், தம் உடலில் அக்கறையற்றோர். இதுவே அப்போதனையின் சாரம்.

இதனைக் கேட்டு நகைத்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. கொட்டியார்க் குடாவின் கரையில், வலையையும் வயலையும் நம்பி வாழும் கிண்ணியாவில் அவ்வாறு நகைப்போர் பலருளர். நாம் நகைக்கப் போவதில்லை. உடலைப் பேணுதலும், ஓய்ந்திருத்தலும், உற்றாருடன் கூடியுண்ணுதலும் மனிதருக்கு உரிய இன்பங்கள். அவற்றைப் பழிப்பது முற்போக்கும் ஆகாது, பக்தியும் ஆகாது. எமது வழக்கு வேறு. இவ்வின்பங்கள் எவ்வாறு கிடைத்தன, எவர் கையில் உள்ளன, எவருக்கு மறுக்கப்படுகின்றன என்னும் கேள்விகளையெல்லாம் மூடி மறைத்துவிட்டு, காசு உள்ளவர் வாங்கிச் செல்லும் பண்டமாக அவற்றைக் கடைவிரித்து வைக்கிறார்களே, அதனையே நாம் எதிர்க்கிறோம்.

வார இறுதி என்பது வானத்திலிருந்து விழுந்த வரமன்று. இங்கிலாந்திலே 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் ஆலைகளில் வேலை வாங்கலாகாதென விதித்தது. அந்த அரைநாளைப் பெறுவதற்கே நெடுங்காலப் போராட்டம் வேண்டியிருந்தது. 1886-இல் எட்டு மணிநேர வேலைநாள் கேட்டுச் சிக்காகோத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டு அவர்தம் தலைவர்கள் நால்வர் தூக்கிலேறினர். 1919-இல் எட்டு மணிநேர வேலையையும், 1921-இல் வாரத்துக்கு 24 மணிநேரத் தொடர் ஓய்வையும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் உடன்படிக்கைகளாக வகுத்தது. 1923-இல் சென்னையிலே சிங்காரவேலர் மேதினம் கொண்டாடினார்; அதே ஆண்டிலே கொழும்பில் குணசிங்கா தலைமையிற் பொது வேலைநிறுத்தம் நடந்தது. இலங்கையில் மேதினம் பொது விடுமுறையானது 1956-இல். இத்தனை பேரின் கண்ணீரும் குருதியும் சிந்தி வந்த நாளையே இன்று வண்ணப் பக்கங்கள் தம்முடைய கண்டுபிடிப்புப் போல விளம்பரம் செய்கின்றன.

வார இறுதி மனிதர் வகுத்த ஏற்பாடே என்பதற்கு வேறு சான்றும் எம் நாட்டிலேயே உண்டு. 1966-இல் அன்றைய அரசு சனி, ஞாயிறு விடுமுறைகளை நீக்கிவிட்டு, நிலவின் நான்கு நிலைகளுக்கும் உரிய போயா நாளையும் அதற்கு முந்திய நாளையும் விடுமுறையாக்கியது. பாடசாலையும் காரியாலயமும் நிலவைப் பார்த்துத் திறந்தன. நிலவைப் பார்த்து மூடின. உலக வாணிகத்தோடு அது ஒத்துப்போகாமற்போகவே 1971-இல் பழைய முறை மீண்டது. ஒரு சட்டத்தால் வந்து மறு சட்டத்தாற் போகக்கூடிய ஒன்றை இயற்கை நியதி என்று எவரும் கூற இயலாது. யாருக்கு ஓய்வு, எப்போது ஓய்வு என்பனவெல்லாம் அரசியற் கேள்விகளே.

இனி அந்த விருந்தை நோக்குவோம். 'பிரஞ்ச்' என்னும் சொல்லை 1895-இல் கை பெரிங்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர் வழங்கினார். சனிக்கிழமை இரவைக் களியாட்டத்திற் கழித்தவர்கள் ஞாயிறு காலையில் விரைந்தெழ வேண்டாமே என்பதற்காக அவர் பரிந்துரைத்த உணவு அது. கிண்ணியாவிலோ அச்சொல்லை அறியாமலே அவ்வுணவை உண்போர் தலைமுறை தலைமுறையாக உள்ளனர். இரவு முழுதும் கடலிற் கிடந்து, காலை ஒன்பது பத்து மணிக்கு வள்ளத்தைக் கரையேற்றும் கடற்றொழிலாளி அன்றைய முதற் சோற்றை உண்பது அதன்பின்னரே. அவனுக்கு அது காலையுணவு, மதியவுணவும் அதுவே. 2022-இல் நாடு வங்குரோத்து நிலையடைந்தபோது உணவுக்குத் திண்டாடியோர் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. இரு வேளை உணவை ஒரு வேளையாக்கும் வித்தையை அவ்வாண்டில் எம் தாய்மார்களுக்கு எந்த வாரமலரும் கற்பிக்கவில்லை. ஒருவருக்கு இன்பமாய் அமைவது மற்றொருவருக்கு இல்லாமையால் நேர்கிறது; உண்ணும் நேரம் மட்டுமே இருவருக்கும் பொது.

அவ்விருந்தைச் சமைப்போர் யார்? பரிமாறுவோர் யார்? தட்டுக் கழுவுவோர் யார்? நகரத்தார் ஓய்ந்திருக்கும் நாளே விடுதி ஊழியருக்கு வேலை மிகுந்த நாள். 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையை உரிமையாக்கியது. வீட்டு வேலைக்காரரையோ அச்சட்டம் தன் வரம்புக்குட் கொள்ளவில்லை. வீட்டுப் பணியாளருக்கும் வாரத்தில் 24 மணிநேரத் தொடர் ஓய்வு வேண்டுமென 2011-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் உடன்படிக்கை செய்தது. ஆயினும் எமது ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற பெண்களைக் கேளுங்கள்: அந்நாடுகளின் விடுமுறை நாள் அவர்களுக்கு எத்தகைய நாள் என்று. விருந்தினர் வரும் நாள் என்பார்கள். அடுப்பு அணையாத நாள் என்பார்கள். பிறரது வார இறுதியைத் தம் முதுகிற் சுமப்பவர்கள் அவர்கள்.

அடுத்து, நடைபாதை. காலிமுகத் திடலின் கடலோர நடைபாதை 1859-இல் ஆளுநர் ஹென்றி வார்டினால் முடிக்கப்பட்டது. கொழும்பின் சீமாட்டிகளுக்கும் சிறுவர்களுக்குமாக அதனைப் பேணுமாறு அடுத்துவரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் கல் அங்கே நிற்கிறது. அந்நியன் ஆண்ட காலத்திலேயே தலைநகருக்கு உலாவும் வழி அமைந்துவிட்டது. போர் முடிந்தபின் 2010-இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. கொழும்பு அழகுபடுத்தப்பட்டது, புற்றரையும் ஓடுபாதையும் பெருகின. அதே ஆண்டு மே மாதத்திலேதான் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலே ஏழை மக்களின் வீடுகள் படையினர் சூழ்ந்துநிற்க இடித்துத் தள்ளப்பட்டன. நகரத்தின் அழகிலே ஓடி மகிழ்வோர் அவ்வழகின் விலையையும் அறிந்திருத்தல் நன்று.

எமது ஊருக்கு நடப்பதற்கென்று என்ன கிடைத்தது? 2009 ஒக்டோபரில், 396 மீற்றர் நீளமுள்ள பாலம் கிண்ணியாவைத் திருகோணமலைக் கரையோடு இணைத்தது. அதுவரை இழுவைப் பாதைக்காகக் காத்துக்கிடந்த மக்களுக்கு அது பெரும்பேறு. மாலையிற் காற்று வாங்க வருவோருக்கு அதுவே பூங்காவும் ஆயிற்று. வாகனங்கள் விரையும் பாலத்தின் ஓரத்தைப் பூங்காவாக்கிக் கொள்ளும் மக்களின் தேவை எத்தகையது என்பதை ஆள்வோர் எண்ணிப் பார்க்கவில்லை. குறிஞ்சாக்கேணியிலோ நிலைமை இன்னும் கொடியது. அங்கே புதுப் பாலம் கட்டுவதற்கெனப் பழைய பாலம் அகற்றப்பட்டது. புதியது முடியாமற் கிடந்தது. 2021 நவம்பர் 23 காலையில், மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலை செல்லப் புறப்பட்ட பிள்ளைகளும் நீரில் மூழ்கி மாண்டனர். கொழும்புப் பிள்ளை விளையாட்டுக்காக ஓடுவதற்கு வழுவழுப்பான பாதை உண்டு. கிண்ணியாப் பிள்ளை கல்விக்காகச் செல்வதற்கு உயிருக்கு உத்தரவாதமான வழி அன்று இருக்கவில்லை. ஒரே நாட்டின் ஒரே வரவு செலவுத் திட்டத்திலிருந்து பிறந்த இரு காட்சிகள் இவை.

இவ்விடத்தில் எம்மவரிலேயே சிலர் குறுக்கிடுவர். 'உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு? வலை இழுப்பதும் மூட்டை தூக்குவதும் பயிற்சிதானே?' என்பர். ஏழையைப் புகழ்வதுபோல் ஏழையை ஏய்க்கும் பேச்சு இது. டென்மார்க்கு ஆய்வாளர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு இதனை மறுக்கிறது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவு இதயத்தைக் காக்கிறது. தொழிலின் பொருட்டு ஓயாது செய்யும் கடும் உடலுழைப்போ இதய நோய்க்கும் சாவுக்கும் கூடிய அபாயத்தோடு சேர்ந்து காணப்படுகிறது என்பதே அவர்கள் கண்டது. பாரம் தூக்குவோன் தான் விரும்பியபோது நிறுத்த முடியாது; களைத்த தசை ஆறுமுன் அடுத்த மூட்டை வந்துவிடும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. இரண்டாவதை ஒருவன் அடைவதற்கு முதலில் அவனுக்கு ஓய்வு வேண்டும்.

மற்றொரு சாரார் பெண்களைக் குறித்துக் குறுக்கிடுவர். பெண் வீதியில் வேகமாக நடந்தால் ஊர் பேசும் என்பது அவர் வாதம். உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 31 பேர் போதிய உடலசைவின்றி வாழ்கின்றனர் எனவும், ஆண்களில் அது 29 ஆகவும் பெண்களில் 34 ஆகவும் உள்ளதெனவும் உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கணக்குக் கூறுகிறது. வைத்தியர் நீரிழிவுக்கு மருந்தெழுதி, 'தினமும் நடவுங்கள்' என்கிறார். எங்கே நடப்பது? முற்றத்தையா சுற்றுவது? மார்க்கத்தின் பெயரால் தடுப்போருக்கு மார்க்கத்திலிருந்தே விடை சொல்வோம். நபிகள் நாயகம் அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அவர்கள் தடுக்காததைத் தடுக்க ஊர்வாய்க்கு உரிமை தந்தவர் யார்? பெண்ணின் நடையைத் தடுப்பது மார்க்கமன்று. அவளுக்கென இடம் ஒதுக்காத பிரதேச நிருவாகமும், தன் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு ஞாயிறு இல்லையென்று எண்ணும் ஆணின் மனமுமே.

எல்லாவற்றிலும் கொடியது எம் மாணாக்கரின் நிலை. பத்து வயதுப் பிள்ளை ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கென ஐந்து நாள் பாடசாலையில் அமர்கிறது. சனியும் ஞாயிறும் தனியார் வகுப்பில் அமர்கிறது. காற்று நுழையாத கொட்டகை. தோளோடு தோள் நெருக்கிய வாங்குகள். மைதானத்தின் மணலைக் கால் அறியாத குழந்தைப் பருவம். சிறுவருக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலசைவு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஓய்வும் விளையாட்டும் சிறுவரின் உரிமையென 1989-இன் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31-ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 1991-இலேயே ஏற்றது. ஏற்றுக்கொண்ட நாட்டிலே, பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையை நாமே பறித்து, அதற்குக் கட்டணமும் வாங்குகிறோம். ஆசிரிய சமூகத்தாராகிய நாம் இதனை மறைத்துப் பேசலாகாது. ஆசிரியரின் சம்பளம் குடும்பத்துக்குப் போதாது என்பது உண்மை. அதற்காக அரசோடு போராடுவதே முறை. பிள்ளையின் விளையாட்டை விற்று அப்பள்ளத்தை நிரப்புவது முறையாகாது. பாடசாலை நேரத்திற் கற்பிக்க வேண்டியதைப் பாடசாலையிலேயே கற்பித்து முடித்தால், ஞாயிறு தானாகவே பிள்ளையிடம் திரும்பிவிடும்.

மார்க்ஸின் மருமகன் போல் லபார்க் 1880-இலே, சோம்பியிருப்பதற்கும் தொழிலாளிக்கு உரிமையுண்டெனத் தனிநூல் எழுதினார். வேலையே தருமம் என்று போதித்த முதலாளிகளை எள்ளி எழுதியது அது. 1948-இன் மனித உரிமைப் பிரகடனமும் தன் 24-ஆம் உறுப்புரையில் ஓய்வை உரிமையென ஒப்புக்கொண்டது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. எமது ஊருக்கு ஆடம்பர விடுதியும் வேண்டாம். பலவகைப் பதார்த்தங்கள் அடுக்கிய மேசையும் வேண்டாம். களப்பின் ஓரமாக விளக்குகளோடு கூடிய நடைபாதையொன்று வேண்டும். அதிலே பெண்கள் அச்சமின்றி நடக்கவேண்டும். பாடசாலை மைதானங்கள் வார இறுதியிலும் திறந்திருக்கவேண்டும். அவற்றிற் பெண்பிள்ளைகளுக்கு உரிய நேரம் ஒதுக்கப்படவேண்டும். வாரத்தில் ஒரு முழுநாளாவது எந்த வகுப்பும் இல்லாத நாளென ஊரே கூடித் தீர்மானிக்கவேண்டும். பள்ளிவாசல் நிருவாகத்தினரும், ஆசிரியரும், பெற்றோரும் ஒரு மாலை கூடினால் இத்தீர்மானத்துக்குக் காசு செலவில்லை, துணிவே செலவு. விடுதியிலும் கடையிலும் வீட்டிலும் உழைப்போருக்குச் சட்டம் சொன்ன ஓய்வையும், சட்டம் சொல்ல மறந்த ஓய்வையும் தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெறவேண்டும்.

'பணம் எங்கே?' என்று கேட்போருக்கு ஒரு சொல். நகரத்தின் புற்றரைக்கு நீர் ஊற்றப் பணம் இருந்த நாட்டிலே கிண்ணியாவின் பிள்ளைக்கு ஒரு திடல் அமைக்கப் பணம் இல்லையெனில், குறை பணத்தில் இல்லை. எவரை மனிதராக எண்ணுகிறோம் என்பதிலேயே உள்ளது. 2022 ஏப்ரலிலே காலிமுகத் திடலிற் கூடிய மக்கள், சீமாட்டிகளின் உலாவுக்காக அமைந்த அந்நிலத்தை நாட்டு மக்களின் மன்றமாக மாற்றிக் காட்டினர். நிலமும் நாளும் எவருக்கு என்பது ஒருமுறை எழுதப்பட்டு முடிந்த கணக்கன்று. ஞாயிற்றுக்கிழமையை வென்றெடுத்தவர்கள் உழைப்பாளிகள். அவர்களுடைய பிள்ளைகள் அதனை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. உரிமையோடு கேட்டுப் பெறவேண்டும்.