500 ரூபாய்தானே என்று விடாதீர்கள்!

கள்ளக்குறிச்சியில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் தோழியின் அத்தா, சொந்த மச்சானுக்கு 500 ரூபாய் கைமாற்றுக் கொடுத்தாலும் நோட்டில் எழுதிவிடுவார். கல்வராயன் மலையிலிருந்து வந்து, மரவள்ளிப் பணத்தை நம்பிக் கடன் சொல்கிறவர்களுக்கும் அதே நோட்டுதான்.

"சொந்தக்காரர் மேலேயே சந்தேகமா?" என்று கேட்டேன்.

"சந்தேகம் இல்லம்மா, மார்க்கம்!"

குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுத வேண்டும், சாட்சியும் வேண்டும். எழுதவேண்டியதைச் சொல்ல வேண்டியவர், கடன் வாங்குகிறவர்! எனக்குப் பிடித்ததே இதுதான். தன் வாயால் சொன்ன தொகையை நாளைக்கு எப்படி மறுப்பார்? வாங்கியவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் விட்டுவிடவும் சொல்கிறது 280-வது வசனம்.

நோட்டில் பல வரிகள் அடிக்கப்பட்டிருந்தன.

"எல்லாரும் திருப்பிக் கொடுத்துட்டாங்களா?"

"சிலர் கொடுத்தாங்க. சிலதை நானே அடிச்சுட்டேன்."