காகங்கள் கற்பித்த பாட்டு

டிஸ்கோ என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் முற்போக்காளர் சிலர் நம்மிடையே உளர். நசிவுக் கலை, முதலாளித்துவக் களியாட்டம், உழைப்பாளியை உறங்கவைக்கும் தாலாட்டு என ஒரே மூச்சில் தீர்ப்பளித்துவிட்டு அவர்கள் எழுந்துவிடுகிறார்கள். இளமைக்கால நினைவில் தோய்ந்து, 'அந்தக் காலத்துப் பாட்டு இனி வருமா!' என்று உருகுவோர் வேறொரு சாரார். இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: இருவருமே பாட்டைச் செவிகொடுத்துக் கேட்பதில்லை. 1978இல் வெளிவந்த 'த விஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் பாடல்களை மீண்டும் கேட்டபோது இவ்வுண்மை எமக்குத் தெளிவாயிற்று.

எல். ஃபிராங்க் போம் என்பார் 1900இல் எழுதிய சிறுவர் கதையே இதன் மூலம். 1939இல் ஹொலிவுட் அதனைப் படமாக்கியபோது கதாநாயகி கன்சாஸ் பண்ணையில் வாழும் வெள்ளைச் சிறுமி. 1975இல் கறுப்பினக் கலைஞர்கள் அதே கதையைத் தமதாக்கி, சார்ளி ஸ்மோல்ஸின் பாடல்களோடு நியூயோர்க்கின் புரோட்வே அரங்கில் ஏற்றினர். ஏழு டோனி விருதுகள் அதற்குக் கிடைத்தன. சிட்னி லூமெட் அதனைத் திரைக்குக் கொணர்ந்தார். இசைப் பொறுப்பைக் குவின்சி ஜோன்ஸ் ஏற்றார். டயானா ரொஸ் நடித்த டொரதி இப்போது சிறுமியல்லள். ஹார்லெமில் சின்னஞ்சிறார்க்குக் கற்பிக்கும் இருபத்துநான்கு வயது ஆசிரியை. அவள் நடந்துசெல்லும் மாய உலகமோ இடிந்த கட்டடங்களும் சுரங்க இரயில் நிலையங்களும் நிறைந்த நியூயோர்க் நகரமே. கனவுலகைத் தேடிப் போனவர்கள் தம் நகரத்தையே கண்டனர். கலை செய்யவேண்டிய காரியம் இதுவன்றோ?

இப்படத்தின் இரு பாடல்களை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். முதலாவது, 'யூ கான்ட் வின்'. மைக்கேல் ஜாக்சன் நடித்த வைக்கோற் பொம்மை கம்பத்தில் தொங்குகிறது. அதன் உடலுக்குள் திணிக்கப்பட்டிருப்பவை அறிஞர்தம் பொன்மொழிகள் பொறித்த காகிதத் துண்டுகள். எனினும் தனக்கு மூளையில்லை என்றே அது நம்புகிறது. ஏன்? நாள்தோறும் காகங்கள் அதற்கு அவ்வாறே ஓதிவைத்திருக்கின்றன. உன்னால் வெல்ல இயலாது. ஆட்டத்தை விட்டு வெளியேறவும் இயலாது. இதுவே காகங்களின் வேதம். அதனைப் பொம்மையின் வாயாலேயே பாடவைத்து அவை மகிழ்கின்றன. மெட்டோ துள்ளலானது, கால்கள் தாமாகத் தாளமிடுகின்றன. தோல்வியை ஆடிப்பாடி ஏற்கச் செய்வதே ஆளும் வர்க்கத்தின் மிகப் பெரிய வெற்றி என்பதை இதனினும் சுருக்கமாக யார் சொல்லிவிட்டார்? தடித்த நூல்கள் பல பேசும் உண்மையை ஒரு நடனப்பாட்டு சில நிமிடங்களில் உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது பாடல் நகரின் அடிவயிற்றிற் பிறக்கிறது. எவிலீன் என்னும் சூனியக்காரி அங்கே வியர்வை பிழியும் தொழிற்கூடம் நடத்துகிறாள். தீயணைக்கும் நீர்த்தாரை திறக்கப்பட்டதும் அவள் கரைந்து மாய்கிறாள். நியூயோர்க்கில் இக்காட்சிக்குத் தனிப் பொருளுண்டு. 1911இல் அதே நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது, பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் அகப்பட்டோர் உட்பட 146 தொழிலாளர் மாண்டனர். அக்கட்டடத்தில் நீர்த்தாரை பொருத்தப்பட்டிருக்கவில்லை. அன்று தொழிலாளரைக் காக்க வராத நீர், இத்திரைக்கதையில் சுரண்டுபவளைக் கரைக்கிறது. அந்நீரைத் திறக்கும் வழியை டொரதிக்குக் குறிப்பால் உணர்த்துவது யார்? மூளையில்லை என்று கற்பிக்கப்பட்ட அதே வைக்கோற் பொம்மை! அடுத்த கணம் தொழிலாளர் தம்மேல் சுமத்தப்பட்ட விகாரமான உடைகளைக் களைந்தெறிந்து, மனிதராய் நிமிர்ந்து ஆடுகின்றனர். லூதர் வாண்ட்ரோஸ் இயற்றிய 'எ பிராண்ட் நியூ டே' என்னும் அப்பாடல் தனிக்குரலன்று. கறுப்பின மக்களின் தேவாலயக் குழுப்பாடல் மரபு ஒலிக்கும் கூட்டுக்குரல். அது டிஸ்கோ தாளத்தில் அமைந்தது என்பதற்காக நாம் அதனைத் தள்ளிவிடுவதா? நாள் முழுதும் வளைந்த முதுகு நிமிரும்போது அது ஆடத்தான் செய்யும்.

ஆயினும், இப்படத்தைப் போற்றுவோர் மறைக்கும் குறையை நாம் மறைக்கப்போவதில்லை. விடுதலை பெற்ற தொழிலாளரை அக்காட்சியோடு கதை கைவிடுகிறது. தொழிற்கூடம் இனி யாருடையது? நாளை அங்கே என்ன நடக்கும்? கேள்வியில்லை. மந்திரவாதி தோற்றுப்போன அரசியல்வாதி என அம்பலப்பட்ட பின்னர், எல்லாம் உனக்குள்ளேயே இருக்கிறது, உன்னை நீ நம்பு என்ற உபதேசத்தில் படம் முடிகிறது. டொரதி தனியாகவே ஹார்லெம் திரும்புகிறாள். கூட்டாகப் பெற்ற வெற்றி தனிமனிதரின் மனத்தெம்பாகச் சுருங்கிவிடுகிறது.

இவ்வுபதேசத்தைப் பாடுபவர் லீனா ஹோர்ன் என்பதுதான் வரலாற்றின் கொடிய நகை. 1940களில் எம்.ஜி.எம். நிறுவனம் அவருடைய பாடற் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் எடுத்தது. தென் மாநிலத் திரையரங்குகள் அவற்றை எளிதில் வெட்டியெறிய வேண்டுமல்லவா! 1950இல் இடதுசாரிகளை வேட்டையாட வெளியிடப்பட்ட 'ரெட் சனல்ஸ்' பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. அவருக்குத் தன்னம்பிக்கை குறைவாகவா இருந்தது? இல்லை. வெட்டும் கத்தரிக்கோல் பிறர் கையில் இருந்தது. அதைப் பறிக்கத் தன்னம்பிக்கை மட்டும் போதாது.

படம் வணிகத்தில் வீழ்ந்தது. ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம் டொலர் செலவான படம் முதலைக்கூட மீட்கவில்லை. அடுத்த ஆண்டு, 1979 ஜூலை 12இல், சிக்காகோ நகரின் கொமிஸ்கி விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர்; கூட்டம் ஆர்ப்பரித்து மைதானத்துள் புகுந்தது. கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்கரும் தன்பாலின விருப்பினரும் வளர்த்த இசை அது. அதை எரித்தவர்களும் நல்ல இரசனையின் பெயராலேயே எரித்தனர் என்பதை, டிஸ்கோவை நசிவு என ஒதுக்கும் நம் நண்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

மக்கள் விரும்பும் பாட்டில் காகங்களின் குரலும் கேட்கும். தொழிலாளரின் குரலும் கேட்கும். அவற்றைப் பிரித்தறியக் கற்பிப்பதே விமரிசனம். முழுவதையும் போற்றுவது சோம்பல். முழுவதையும் தூற்றுவதும் சோம்பலே.

ஆசிரியர்களே, மாணவர்களே! பொன்மொழிகளைத் திணித்து, வெல்ல முடியாது என்ற பாட்டையும் கூடவே கற்பிக்கும் வகுப்பறை வைக்கோற் பொம்மைகளையே உருவாக்கும். டொரதி முதலிற் செய்தது என்ன? காகங்களை விரட்டினாள், பின்னர் கம்பத்தில் தொங்கியவனைக் கீழிறக்கினாள். அவளும் ஓர் ஆசிரியை என்பதை நாம் மறவாதிருப்போமாக.